விளையாட்டரங்கும் வக்பும்: சூரியவெவ முதல் கட்டார் வரை

கல்லடியில் நான் படிப்பிக்கிற பாடசாலையில், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குச் சென்ற வருடக் கடைசித் தவணையில் ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன்: 'இருபது வருடங்களின் பின் எனது ஊர்'. வழக்கமாக வருகிறவை எல்லாம் வந்தன. மேம்பாலம், கடற்கரை ஹோட்டல், வாவியில் படகுச் சேவை. ஒரு மாணவன் மட்டும் வேறு வழி போயிருந்தான். மட்டக்களப்பில் ஒரு சர்வதேச விளையாட்டரங்கு கட்ட வேண்டும், அதில் ஓர் உலகக் கிண்ணப் போட்டி நடக்க வேண்டும், அவ்வளவு போதும், மிச்சமெல்லாம் பின்னால் வரும் என்று எழுதியிருந்தான். வீதி வரும், ஹோட்டல் வரும், வேலை வரும், விமானமும் வரும்.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது நடக்கிற காரியமா மகன்?" என்று கேட்டேன்.

"ஏன் சேர் நடக்காது? அம்பாந்தோட்டைக்குக் குடுத்தாங்க. இப்ப யாழ்ப்பாணத்துக்கும் குடுக்கிறாங்க. எங்களுக்கு மட்டும் என்னவாம்?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. 2025 செப்டம்பரில் யாழ்ப்பாணம் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நடப்பட்டது. அந்தப் படம் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் வந்தது. பார்த்த பையனுக்கு எங்கள் ஊரின் ஞாபகம் வருவது நியாயம்தான்.

'நன்று' என்று எழுதிப் புள்ளி போட்டேன். ஆனால் அந்தக் கட்டுரை போட்டி நடக்கிற நாளோடு முடிந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் அந்த ஊரில் என்ன இருக்கும், அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாட்டை நடத்துகிறவர்கள் எழுதுகிற கட்டுரைகளும் பெரும்பாலும் அந்த நாளோடுதான் முடிகின்றன. கொப்பியின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுத இடம் போதாமல் போன விசயத்தை இங்கே எழுதுகிறேன்.

அம்பாந்தோட்டையிலிருந்து தொடங்குகிறேன். அது எங்களுக்கு அந்நிய ஊர் அல்ல. மலாய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் துறைமுகப் பட்டினம் அது. அவர்கள் வந்திறங்கிய 'சம்பான்' படகுகளால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அங்கே வாராந்தச் சந்தை கூடியிருந்த காலை நேரத்தில் கடல் உள்ளே வந்தது. அதே காலையில்தான் இங்கே நாவலடியும் டச்பாரும் அழிந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்தது. ஒரே அலையில் மையித்து எடுத்த ஊர்கள் நாங்கள்.

அதன் பிறகு இரண்டு ஊர்களின் வழியும் பிரிந்தது. அம்பாந்தோட்டை அப்போதைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டம். 2010 நவம்பரில் துறைமுகத்தின் முதற்கட்டம் திறக்கப்பட்டது. 2013 மார்ச்சில் மத்தள விமான நிலையம் வந்தது. இவை இரண்டுக்கும் நடுவில், கரையிலிருந்து உள்ளே, காடும் சேனையுமாகக் கிடந்த சூரியவெவவில் 35,000 பேர் இருக்கக்கூடிய ஒரு கிரிக்கெட் அரங்கு எழும்பியது. 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டப்பட்ட அரங்கு அது.

அந்த உலகக் கிண்ணத்தை முதலில் நான்கு நாடுகள் நடத்துவதாக இருந்தது. 2009 மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து மீது தாக்குதல் நடந்ததும், பாகிஸ்தானிடமிருந்து அந்த உரிமை எடுக்கப்பட்டது. மொத்தம் 49 ஆட்டங்களில் இலங்கைக்கு 12 கிடைத்தன. கொழும்பு பிரேமதாச அரங்கைப் பெருப்பித்துத் திருத்தினார்கள். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையிலும் சூரியவெவவிலும் புதிதாகக் கட்டினார்கள். கொழும்பில் 7 ஆட்டங்கள், பல்லேகலையில் 3, சூரியவெவவில் 2. 2011 பெப்ரவரி 20 அன்று இலங்கை கனடாவை 210 ஓட்டங்களால் வென்றது. 23 அன்று பாகிஸ்தான் கென்யாவை 205 ஓட்டங்களால் வென்றது. அவ்வளவுதான். 35,000 இருக்கைகள் எந்த உலகக் கிண்ணத்துக்காகப் போடப்பட்டனவோ, அந்த உலகக் கிண்ணம் சூரியவெவவில் நான்கு நாளில் முடிந்தது.

பிறகு கடன் வந்து கதவைத் தட்டியது. மூன்று அரங்குகளின் சுமையும் இலங்கை கிரிக்கெட் நிறுவனத்தின் தலையில் இறங்க, இறுதிப் போட்டி வரை போய் வந்த வீரர்களுக்குச் சேர வேண்டிய பணமே மாதக்கணக்கில் தாமதமாகியது. அதே 2011 நவம்பரில், 2018ஆம் ஆண்டின் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளை அம்பாந்தோட்டைக்குத் தாருங்கள் என்று கேட்டுச் சென்ற இலங்கை, 43க்கு 27 என்ற வாக்குக் கணக்கில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிடம் தோற்றது. தோற்றது வருத்தம் என்று அப்போது நானும் நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. ஒரு கலியாணத்துக்குப் பட்ட கடனை இன்னொரு பெரிய கலியாணம் பேசி அடைக்கலாம் என்கிற கணக்கு அது. அந்த இரண்டாவது கலியாணம் குழம்பியது யாரோ செய்த புண்ணியம்.

2016 ஓகஸ்ட் விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் ஒரு வேன் பிடித்துத் தெற்கே போனோம். பொத்துவில், மொனராகலை, வெல்லவாய என்று இறங்கி, துறைமுகம் பார்த்து, மத்தள விமான நிலையம் பார்த்து (அந்தக் காலத்தில் அது பயணிகள் வருகிற இடம் என்பதைவிடச் சுற்றுலா போகிறவர்கள் பார்க்கிற இடம்), கடைசியாகச் சூரியவெவ. வீதி அகலமாக, வழுவழுப்பாக இருந்தது. எதிரே வந்தவை ஒரு டிரக்டரும் இரண்டு சைக்கிளும். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர். எங்கள் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டு, வேலி ஓரமாக நின்று உள்ளே பார்க்க விட்டார். போட்டி ஒன்றும் இல்லை. ஆனால் புல் பச்சையாக இருந்தது. வெயில் கொளுத்துகிற அந்த வரண்ட பூமியில் மூன்று நான்கு பேர் குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். "மெட்ச் இல்லாட்டியும் தண்ணி அடிக்கத்தானே வேணும்" என்றார் காவலாளி.

அந்த ஒரு வசனத்தில் முழு விசயமும் இருக்கிறது. ஆட்டுக்களம் உயிருள்ள சாமான். போட்டி நடந்தாலும் நடக்காவிட்டாலும் புல் தண்ணீர் கேட்கும், களம் உருளை கேட்கும், வெளிச்சக் கோபுரம் பராமரிப்புக் கேட்கும், வெயிலில் இருக்கை வெடிக்கும். செலவு 365 நாளும் உண்டு. வருமானமோ போட்டி நாளில் மட்டும். இலங்கைக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற உள்ளூர்ச் சர்வதேச ஆட்டங்கள் எண்ணிக்கையானவை. அவற்றைக் கொழும்பும், பல்லேகலையும், தம்புள்ளையும், காலியும் பங்குபோட்டு மிஞ்சியதுதான் சூரியவெவக்கு. இன்றுவரை அங்கே ஒரு டெஸ்ட் போட்டியும் நடக்கவில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வக்புச் சட்டம்தான் ஞாபகம் வருகிறது. உமர் (ரழி) அவர்களுக்குக் கைபரில் ஒரு காணி கிடைத்தது. அதைவிட நல்ல சொத்து அவர்களுக்கு வாய்த்ததில்லை. என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கும் வழி காட்டப்பட்டது. அந்தக் காணியை விற்க முடியாது, அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, வாரிசுரிமையாக எடுக்க முடியாது. விளைச்சல் ஏழைக்கு, உறவினருக்கு, வழிப்போக்கருக்கு, விருந்தினருக்கு. பார்த்துக்கொள்கிறவர் நியாயமான அளவு உண்ணலாம்; சேர்த்துவைக்கக் கூடாது. மதரஸாவில் ஓதிய எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான். ஆனாலும் கவனியுங்கள்: காணியின் அழகு, பெறுமதி, கொடுத்தவரின் பெயர் இவையெல்லாம் ஓரமாக நிற்கின்றன. யாருக்கு, எதிலிருந்து, யார் பொறுப்பு என்பவைதான் நடுவில் இருக்கின்றன. பின்னால் வந்த பிக்ஹு அறிஞர்கள் இன்னும் ஒன்றைச் சொன்னார்கள். வக்பின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்புக்குத்தான். பயனாளிக்குப் பங்கு அதற்குப் பிறகு. கூரை ஒழுகுகிற கடையின் வாடகையை முழுதாக ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் கடையும் இல்லை, ஏழைக்குப் பங்கும் இல்லை.

நமது நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது. அதற்கும் வெகு முன்னரே கிழக்கிலே குடிவழி வந்த மரைக்காயர்மார் பள்ளிக் காணிக்கும் பள்ளிக் கடைக்கும் பதில் சொன்னார்கள். (அந்தச் சொத்துகளை இன்று நாம் எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பார்க்கிறோமா என்று கேட்காதீர்கள். முப்பது வருடத்துக்கு முந்திய வாடகையில் ஓடுகிற பள்ளிக் கடைகள் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேள்விகள் சரியானவை, பதில் சொல்வதில்தான் நாங்கள் பிந்திவிட்டோம்.)

இந்தக் கேள்விகளோடு 2011ஐத் திரும்பிப் பாருங்கள். மூன்று அரங்கும் ஒரே கிண்ணத்துக்காகச் செலவழிக்கப்பட்டவை. பிரேமதாச இன்றும் ஓயாமல் இயங்குகிறது. பல்லேகலைக்கும் ஆட்டம் வருகிறது. கண்டியில் அதற்கு முன்பே அஸ்கிரிய இருந்தது, கிரிக்கெட்டை நூற்றாண்டாக வளர்த்த பாடசாலைகள் இருந்தன, வருகிறவர் தங்க ஹோட்டல்கள் இருந்தன. பல்லேகலை அந்த வேரின் மேல் நட்ட கிளை. சூரியவெவவில் கட்டடம்தான் வேர், கட்டடம்தான் கிளை. சுற்றி விவசாயிகள். பெரிய கிரிக்கெட் கழகங்கள் எல்லாம் கொழும்பைச் சுற்றி. 'யாருக்கு' என்கிற முதற் கேள்விக்கே அங்கே பதில் இல்லை.

அந்த அரங்குக்கு நல்ல காலமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 2012 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டம் அங்கேதான் நடந்தது. அஜந்த மெண்டிஸ் 8 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த அதே ஆட்டம். 2017இல் சிம்பாப்வே வந்து விளையாடி ஒருநாள் தொடரையே வென்றுகொண்டு போனது. ஆனால் அது அதிகமாகப் பயன்பட்ட காலம் 2020. கொரோனாவில் ஆட்களைத் தனிமைப்படுத்தி நடத்த வேண்டியிருந்ததால், லங்கா பிரிமியர் லீக்கின் 23 ஆட்டங்களும் சூரியவெவவிலேயே நடந்தன. ஊரில் இருந்து எட்டக் கிடப்பது முதன்முறையாக ஒரு வசதியாகிப் போனது. பார்வையாளர் எவரும் உள்ளே வரக் கூடாது. யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி கிண்ணத்தைத் தூக்கியபோது சுற்றிலும் வெறும் இருக்கைகள்.

2026 பெப்ரவரி, மார்ச் மாதங்களின் இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்துக்கு இந்தியாவும் இலங்கையும் கூட்டு விருந்தோம்பிகள்.  இலங்கையில் தெரிவானவை கொழும்பில் இரண்டு அரங்கும் பல்லேகலையும். சூரியவெவ இல்லை.

இதில் நாம் தனி ஆளும் அல்ல. 1976 ஒலிம்பிக்கை நடத்திய மொன்றியல் நகரின் அரங்குக் கடன் 2006இல்தான் அடைந்து முடிந்தது. ஒலிம்பிக் பார்த்த பிள்ளை முப்பது வயது கடந்த பிறகு! கனடாவுக்கே அந்த நிலை.

அப்படியென்றால் விளையாட்டு விழாவே வேண்டாமா? நான் அந்தக் கட்சி இல்லை. 1996இல் எனக்குப் பதினைந்து வயது. அந்த உலகக் கிண்ணத்துக்கும் இலங்கை கூட்டு விருந்தோம்பி. ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவும் வரமாட்டோம் என்றன. அப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து ஒரே அணியாகக் கொழும்புக்கு வந்து, பெப்ரவரி 13 அன்று பிரேமதாச அரங்கில் நம்மோடு விளையாடின. தலைவர் அசாருதீன். வசீம் அக்ரமின் பந்தில் களுவிதாரண கொடுத்த பிடியை எடுத்தவர் டெண்டுல்கர். அது நோன்பு மாதம். வானொலியைச் சுற்றி இருந்தவர்களுக்கு அன்று அஸருக்குப் பிறகு பசி தெரியவில்லை. கடைசியில் அந்தத் தொடரில் இலங்கை மண்ணில் நடந்த ஆட்டங்கள் வெறும் இரண்டுதான். கட்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மார்ச் 17இல் லாகூரில் அரவிந்த சதம் அடித்து நின்ற இரவில், எங்கள் காத்தான்குடியிலும் வெடி கேட்டது, ஆரையம்பதிப் பக்கமும் வெடி கேட்டது. அந்த வருடங்களில் அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருந்த எல்லை வீதியை மஃரிபுக்குப் பின் தாண்டுவது சின்ன விசயம் இல்லை. வெடிச் சத்தம் கேட்டுப் பயப்படாத ஒரே இரவு அது என்று உம்மா பிறகு சொன்னா.

ஒன்றும் கட்டாமலே மிஞ்சுகிற ஒன்று இருக்கிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரைன் யுத்தம் தொடங்கியதும் அது அங்கிருந்து எடுக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. ஆயத்தத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய நான்கு மாதம். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் வளாகத்து மண்டபங்களில் மேசை போட்டு, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 10 வரை நடத்தி முடித்தார்கள். ஆண்களுக்கு மட்டுமென்று ஒதுக்காத திறந்த பிரிவில் மட்டும் 186 நாடுகள். சென்னையின் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் கட்டமாகச் சாயம் அடித்தார்கள். (எங்கள் கல்லடிப் பழைய பாலத்துக்கு யாராவது இப்படி ஒன்று செய்ய மாட்டார்களா என்று அந்தப் படத்தைப் பார்த்து ஏங்கியவர்களில் நானும் ஒருவன்.)

திறந்த பிரிவில் தங்கம் வென்றது உஸ்பெகிஸ்தான். இளம் பையன்களின் அணி, எவரும் எதிர்பார்க்கவில்லை. இந்தியாவின் இரண்டாவது அணிக்கு வெண்கலம். அந்த அணியில் முதற் பலகையில் இருந்து முதல் எட்டு ஆட்டத்தையும் தொடர்ச்சியாக வென்ற பதினாறு வயதுச் சென்னைப் பையன் குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனான். ஒலிம்பியாட் நடத்தியதால் குகேஷ் உருவானான் என்று யாராவது சொன்னால் அது தலைகீழ்ப் பாடம். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன் சென்னையில் இருந்தார். 1972இல் சோவியத் கலாசார நிலையத்தில் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கியது. அங்கே விளையாடிய விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அறுபது வருடம் உழுத நிலத்தில்தான் 2022இன் மழை விழுந்தது. விழாவை வாடகை மண்டபத்தில் நடத்தலாம். ஆட்டக்காரரை வாடகைக்கு எடுக்க முடியாது.

யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்துமா என்றால், ஓரளவு பொருந்தும். யாழ். மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸும் மோதுகிற வடக்கின் பெரும் போர் 1904இலிருந்து வருகிறது. நிலம் உழுத நிலம்தான். மண்டைதீவு பற்றி எனக்கிருக்கிற கேள்வி வேறு: சர்வதேசப் போட்டி இல்லாத 350 நாளும் அந்தக் கதவு தீவுப்பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா? திறப்பு யார் கையில்? அதை இப்போதே எழுதி வைத்தால் நல்லது.

இனிக் கட்டார். இதை ஒரு கிழக்கு மாகாணத்து முஸ்லிம் வெளியாள் போல எழுத முடியாது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் கட்டாருக்கு ஆள் அனுப்பாத ஒழுங்கை இல்லை. 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்கு எட்டு அரங்குகள். ஏழு புதிதாகக் கட்டப்பட்டவை. அல் துமாமா அரங்கு அரபிகள் தலையில் போடும் தொப்பியின் வடிவில். அல் பைத் ஒரு கூடாரம். தோஹாவில் கப்பல் கொள்கலன்களை அடுக்கி, வேண்டுமானால் கழற்றிக் கொண்டுபோகலாம் என்று ஒன்றைக் கட்டினார்கள். நாட்டின் தொலைபேசி இலக்கமும் கொள்கலன்களின் எண்ணிக்கையும் ஒன்றே என்பதால் அதன் பெயர் '974'. முதன்முறையாக ஓர் அரபு நாட்டில், பாங்குச் சத்தம் கேட்கிற தூரத்தில் உலகக் கிண்ணம் நடந்தபோது நாம் பூரித்தோம். மொரோக்கோ அரையிறுதிக்குப் போனபோது கல்முனை வரை கைதட்டல் கேட்டது. அந்தப் பூரிப்பு பொய் இல்லை.

இன்னொன்றும் பொய் இல்லை. 2021 பெப்ரவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. கட்டாருக்கு அந்தப் போட்டி வழங்கப்பட்ட பிறகு, 2020 வரை, ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6,500க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்திருந்தார்கள். இலங்கையர் 557 பேர். இந்த எண்ணிக்கையைக் கவனமாகக் கையாள வேண்டும். இவர்கள் எல்லாரும் அரங்கு கட்டியவர்கள் அல்லர். சாரதி உண்டு, காவலாளி உண்டு, வீட்டு வேலைக்குப் போனவர் உண்டு. எல்லாக் காரணத்தாலும் நேர்ந்த மரணங்களும் அதில் உண்டு. கட்டார் தரப்பு, அரங்கு வேலையில் நேரடியாக நேர்ந்த இறப்பு மூன்றுதான் என்றது. 2022 நவம்பரில் போட்டி ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளரே ஒரு நேர்காணலில் போட்டி சார்ந்த வேலைகளில் 400க்கும் 500க்கும் இடையில் என்றார். பெரும்பாலான சான்றிதழ்களில் 'இயற்கை மரணம்' என்றுதான் எழுதப்பட்டிருந்தது. முப்பது வயது ஆம்பிளை, வேலை முடித்துப் படுத்தவன் எழும்பவில்லை. பிரேத பரிசோதனை நடந்தால்தானே வெயில் காரணமா என்று தெரியும்? ஜனாஸாவைக் கெதியாக அடக்க வேண்டும் என்கிற நம்முடைய அவசரமும் சேர்ந்துகொள்ள, அந்தக் கேள்வியை எழுப்ப எந்த வீட்டிலும் ஆள் இல்லை.

ஆனால் கட்டாரில் மிஞ்சிய பெரிய சொத்து கொங்கிரீட்டில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த நெருக்குதலில் 2018இல் தோஹாவில் சர்வதேசத் தொழில் அமைப்பின் அலுவலகம் திறக்கப்பட்டது. நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி பெரும்பாலானோருக்கு நீங்கியது. 2020இல் வேலை மாறுவதற்கு முதலாளியின் 'ஆட்சேபனை இல்லை' கடிதம் தேவையில்லை என்றானது. 2021 மார்ச்சிலிருந்து எல்லா நாட்டவருக்கும் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 1,000 றியால். இருப்பிடமும் சாப்பாடும் கொடுக்காவிட்டால் அதற்கு 500, 300 றியால் மேலதிகம். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது.

கடிதம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தியவர் என் மனைவியின் சாச்சா மகன். தோஹாவில் கம்பி கட்டுகிற வேலை. முதல் கம்பனியில் சம்பளம் மூன்று மாதம் நான்கு மாதம் இழுபடும். வேறு இடத்தில் வேலை இருந்தது, போக முடியவில்லை. "அந்தக் கடதாசி ஒண்டுக்காக ரெண்டு வரிசம் காத்துக் கிடந்தன் மச்சான். கைய நீட்டினா நாளைக்கி வா எண்டுவான். சட்டம் மாறின பொறகு ஒரு மாச நோட்டீசில போயிட்டன்" என்றார். உலகக் கிண்ணத்தில் ஓர் ஆட்டமும் அவர் அரங்கில் பார்க்கவில்லை. அவருக்கு மிஞ்சியது அந்தக் கடதாசி இல்லாமல் போனது.

சட்டம் எழுதியபடி எல்லா இடத்திலும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. முறைப்பாடு சொல்லப் போனால் விசாவுக்கு ஆபத்து என்று பயந்து வாய் மூடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நட்டஈட்டு நிதி வேண்டும் என்று மனித உரிமை அமைப்புகள் ஆண்டுக்கணக்காகக் கேட்டன. பீபா 2024 நவம்பரில் 5 கோடி டொலரில் ஒரு மரபு நிதியை அறிவித்தது. அது உலகச் சுகாதார அமைப்பு, உலக வர்த்தக அமைப்பு, அகதிகளுக்கான ஐ.நா. முகவரகம் ஆகியவற்றின் திட்டங்களுக்கு. நல்ல காரியங்கள்தான். ஆனால் வக்பு மொழியில் சொன்னால், காணியை வெட்டித் திருத்தியவனின் அனாதைகள் பயனாளிப் பட்டியலில் இல்லை.

இதெல்லாம் நடந்து முடிந்த கதை என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 11இல், 2034 உலகக் கிண்ணம் சவூதி அரேபியாவுக்கு வழங்கப்பட்டது. ஐந்து நகரங்களில் 15 அரங்குகள் என்பது அவர்களுடைய திட்டம். அதிகமானவை இனித்தான் கட்டப்பட வேண்டும். யார் கட்டுவார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. நமது ஊர்களின் வேலை முகவர்கள் 'வேர்ல்ட் கப் வேலை' என்ற சொல்லை இப்போதே பாவிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் நற்சான்றிதழ் ஒன்று கேட்டு வந்தான். சாதாரண தரத்தோடு நின்றவன், நல்ல கைவேலைக்காரன். றியாதுக்குப் போகிறான், சட்டரிங் வேலை. ஒப்பந்தப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. வாசித்தாயா என்று கேட்டதற்குச் சிரித்தான். ஆங்கிலத்தை நான் பார்த்தேன். அரபியைப் பார்க்க ஒரு மவ்லவியிடம் கூட்டிப் போனேன். சம்பளம் எழுதியிருந்தது. வேலை நேரம் இருந்தது. விசாச் செலவு கம்பனியுடையது என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் முகவர் அவனிடம் அதற்கெனத் தனியாகப் பணம் கேட்டிருந்தார். நோயும் மரணமும் பற்றிய பந்தியை மவ்லவி இரண்டு தரம் வாசித்தார்.

"ஜனாஸாவ அனுப்புற செலவு யார்ர எண்டு இதில தெளிவா இல்ல தம்பி" என்றார்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தால்தான் காப்புறுதி, பதியாமல் ஏறாதே, இந்த இரண்டு விசயத்தையும் அங்கே கேட்டுத் தெளிந்துகொண்டு பிறகு கையெழுத்து வை என்று சொன்னோம். ஒரு துண்டுக் கடதாசியில் கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "போய்க் கேட்டுட்டு வந்து சொல்றன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னும் வரவில்லை.